நாலு அங்குலக் கடற்கரை

மரபுரிமைப் பேணல் உபபணிமனை எங்கட சாய்ந்தமருதுக்கு வந்து ஆறு வருசம். இதுவரை அது பேணினது தன்ட பெயர்ப்பலகையை. குறை சொல்லக்கூடாது, கிழமைக்கொருக்கா துடைப்பாங்க.

அந்தக் கந்தோருக்கு ஜவுபர் ஒரு விண்ணப்பத்தோட போனான். கடல் கொண்டுபோன எங்கட தெருவை அவன் கொம்பியூட்டர் விளையாட்டொன்றுக்குள்ள அப்படியே கட்டி வைச்சிருந்தான். பத்து வருச வேலை. தெருவில இருந்த ஆக்களே வந்து, "என்ட கிணத்தடியில முருங்கை நிண்டது" என்று சொல்லித் திருத்தின தெரு. அவன்ட உம்மா சுஹறா ஒவ்வொரு நாளும் அசர் தொழுதிட்டு வந்து தன்ட குசினி அடுப்பைப் பார்த்திட்டுப் போவா.

அந்த விளையாட்டை நடத்துற வெளிநாட்டுக் கொம்பனி முப்பத்தோராம் திகதியோட மூடுது. அரச கந்தோர் ஒன்று, இது மரபுரிமை என்று கடிதம் தந்தால், தெருவைப் பிரதி எடுத்துத் தரலாம் என்றிருந்தாங்க. வேண்டியது ஒரே ஒரு கடிதம்.

பொறுப்பதிகாரி மீராமுகைதீன் கண்ணாடியைக் கழற்றினார்.

"மரபுரிமை எண்டா நூறு வருசம் ஆகியிரிக்கோணும் தம்பி."

"தெரு நூறுக்கு மேல, சேர்."

"தெரு எங்க இரிக்கி?"

"கொம்பியூட்டருக்குள்ள."

"கொம்பியூட்டருக்கு எத்தினை வயசு?"

"பத்து."

"மிச்சம் தொண்ணூறு" என்று குறித்துக்கொண்டார். "எண்டாலும் நாங்க மக்கள் சேவகர். தலப் பரிசோதனைக்கு வாறம்."

வந்தாங்க. மூணு பேர், சப்பாத்து, குடை, அளவு நாடா. நாடாவைத் திரையில பிடிச்சு, கடலில இருந்து சுஹறா உம்மாட குசினி வரைக்கும் அளந்தாங்க. நாலு அங்குலம்.

"கடலுக்கு அறுபத்தைஞ்சு மீற்றருக்குள்ள கட்டக்கூடாது. இது சட்டவிரோதக் கட்டடம்."

"சேர், இது திரை!"

"திரைக்கு விலக்களிச்சுச் சுற்றுநிருபம் வரல்லயே."

ஜவுபர் படத்தைப் பெருப்பிச்சுக் காட்டினான். ஏழு அங்குலமாச்சு.

"பாத்தீங்களா, மனம் வைச்சா முன்னேற்றம் தெரியுது" என்றார் மீராமுகைதீன். மறுகா, கெஞ்சின கெஞ்சலுக்கு இரங்கி, விளையாட்டுக் கணக்கிலேயே அளக்கச் சம்மதிச்சார். அதில நாற்பது மீற்றர். "இருபத்தைஞ்சு மீற்றர் உள்ளுக்குத் தள்ளுங்க. கடிதம் தாறன்."

ரெண்டு நாள் சோறு தண்ணியில்லாம ஜவுபர் முன்வரிசை வீடுகளைத் தள்ளினான். பின்வரிசை நெரிஞ்சிது. அளவு நாடாக் கதையைத் தேத்தண்ணிக் கடையில சொல்லிச் சொல்லிச் சிரிச்ச ஊர், இப்ப அவன்ட வாசலுக்கு ஓடி வந்தது.

"டேய் ஜவுபர், உன்ட வேலி என்ட வளவுக்குள்ள வந்திரிக்கி" என்றான் பின்வரிசை றமீஸ்.

"றமீஸ் காக்கா, அது விளையாட்டு."

"எதுடா விளையாட்டு? என்ட மகள்ட சீதன வளவு அது! மாப்பிள்ளை வீட்டார் பாத்தா என்ன சொல்லுவாங்க?"

ஒன்பது ஆட்சேபனை மனு கந்தோருக்குப் போனது. ஒருத்தர் வண்டில் பாதை கேட்டார். இன்னொருத்தர், தள்ளுறதுதான் தள்ளுற, தனக்கு மேல்மாடியும் வைச்சுத் தரச் சொன்னார். ஒன்பதையும் மீராமுகைதீன் பயபக்தியோட கோவையில கோர்த்தார். "இது தீருமட்டும் கடிதம் எழுத ஏலா."

முப்பத்தோராம் திகதி பகல் எல்லாரும் ஜவுபர்ட வீட்டு மண்டபத்தில நிண்டம். றமீஸ் திரையில விரலை ஊண்டி, "இந்தா, இதுதான் என்ட எல்லைக்கட்டை" என்று சொல்லக்குள்ள திரை கறுத்தது. அவன்ட விரல் மட்டும் அங்கேயே நிண்டது.

சுஹறா உம்மா கறுத்த திரையைத் துடைச்சுப் பார்த்தா. "கடலாவது இரைஞ்சிட்டு வந்திச்சு மனே" என்றா.

அடுத்த கிழமை கடிதம் வந்தது. "குறித்த தலத்தில் தற்போது கட்டடம் எதுவும் இல்லாதபடியால் ஆட்சேபனைகள் யாவும் தீர்ந்தன. தலம் பாதுகாக்கப்பட்ட மரபுரிமையாக இத்தால் பிரகடனம் செய்யப்படுகிறது." கூடவே, தெரு இருந்த வெறும் மணலில நடுறதுக்கு ஒரு பலகை.

பலகையை இன்னும் நடல்ல. தன்ட வேலி இருந்த இடத்துக்கு இந்தப் பக்கம் நடோணும் என்கிறான் றமீஸ். அது சரிவராது. அந்த இடம் என்ட வளவு.