அமூனுக்கு ஒரு தற்காலிகப் பூசகி

கோப்பன்ஹேகனில் உள்ள ஒரு நூதனசாலை நிர்வாகம், பண்டைய எகிப்தியரின் நித்திய பூசையைப் பார்வையாளர் முன்னிலையில் நடத்திக் காட்டுவதென ஏகமனதாகத் தீர்மானித்தது. இப்போது இதுதான் மோஸ்தர். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காட்டினால் சனம் கொட்டாவி விடுகிறதாம். எகிப்தியக் கூடத்தைத் துடைக்கும் அருள்நாயகியை யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை. அவளுடைய தற்காலிக வேலை யூன் மாதத்தோடு முடிகிறது. நிரந்தரமாக்குவார்களா என்பதே அவளுக்கு இராப்பகலாகக் கவலை.

பூசை விதிகளை முப்பது வருடம் ஆராய்ந்த பேராசிரியர் ஹென்னிங்தான் பூசகர் என்று ஏற்பாடு. கருவறையின் முத்திரையை உடைத்து, அமூன் தேவரைத் துயிலெழுப்பி, குளிப்பாட்டி, புது வஸ்திரம் சாத்தி, படையல் வைக்க வேண்டும். உண்மைச் சிலையில் தண்ணீர் படக்கூடாது என்று பாதுகாப்புப் பிரிவு அறிவித்ததால் பிளாஸ்ரிக்கில் ஒரு நகல் அமூன் வார்க்கப்பட்டார்.

"அந்தக் காலத்திலும் சட்டப்படி அரசன்தான் பூசகன். மற்றவர்கள் அவனுக்குப் பதிலாகத்தான் செய்தார்கள்" என்றார் பேராசிரியர். ஆளுக்குப் பதிலாள் உண்டென்றால் தெய்வத்துக்குப் பதில்தெய்வமும் ஆகலாம் என்று கூட்டக் குறிப்பில் பதிந்துகொண்டார்கள்.

பிறகு திட்ட அலுவலர் மெட்டெ தொழில் ஒப்பந்தங்களைப் புரட்டினார்.

"ஈரத்துணி பிடிப்பது துப்புரவு வேலை. பேராசிரியர் செய்ய முடியாது."

"கதவு திறப்பது?"

"சாவி துப்புரவாளரிடம்."

"படையல்?"

"தட்டுக் கழுவ வேண்டுமே. அதுவும் அவரே."

"அப்படியானால் எனக்கு?"

"நீங்கள் ஓரமாக நின்று விளக்கம் சொல்லலாம்."

இவ்வாறாக அருள்நாயகி அமூனின் பிரதம பூசகியானாள். கோயிலில் ஐயர் செய்வதைத் தள்ளி நின்று பார்த்தே பழகியவள். தானே வஸ்திரம் சாத்தியபோது சந்தோசமாக இருந்தது.

"முடிந்ததும் பின்பக்கமாக நடந்து, கருவறைத் தரையில் பரப்பிய மணலில் பதிந்த உங்கள் காலடிகளைக் கூட்டிக்கொண்டே வெளியேறுங்கள். மனிதர் வந்துபோன சுவடே இருக்கக்கூடாது. விதி அப்படி" என்றார் பேராசிரியர். மூன்று மாதத்தில் அவள் ஒரு விரல் தடத்தைக்கூட மிச்சம் விடவில்லை.

கூட்டம் அலைமோதியது. மகிழ்ந்துபோன நிர்வாகம் நிரந்தரப் பூசகர் பதவி ஒன்றை உருவாக்கியது. அருள்நாயகி விண்ணப்பித்தாள். மெட்டெ அழைத்து உட்கார வைத்தார்.

"மதிப்பீட்டுக் குழு கருவறையைச் சோதித்தது. நீங்கள் உள்ளே போனதற்குச் சான்றே இல்லை."

"அழிக்கச் சொன்னதே பேராசிரியர்தானே!"

"மிகச் சிறப்பாக அழித்திருக்கிறீர்கள். பாராட்டுகள்."

"இவ்வளவு சனம் பார்த்ததே?"

"பார்த்தது ஆவணமாகாது. பேராசிரியர் நின்ற ஓரத்தில் அவருடைய சப்பாத்துத் தடம் மணலில் தெளிவாக இருக்கிறது. பதவி அவருக்கு."

"ஈரத்துணி யார் பிடிப்பது?"

"யூலையில் வேறொரு தற்காலிக ஆளை எடுப்போம்."

வயிறெரிந்துபோன அருள்நாயகி, வெள்ளிக்கிழமை கோயில் மண்டபத்தில் செயலாளர் பாலேந்திராவிடம் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். அவர் கொதித்தெழுந்தார்.

"உதென்ன அநியாயம்! வேலை செய்த ஆளைக் கண்ணுக்குத் தெரியேல்லையாமோ? விடக்கூடாது தங்கச்சி, இப்பவே பெட்டிசம் எழுதுறன்." பேனையைத் திறந்தார். "பேரைச் சொல்லுங்கோ. கோயிலுக்குப் புதுசோ?"

"பதினொரு வருசமா இந்த மண்டபத்தைக் கூட்டிறது நான்தான், அண்ணை."

பாலேந்திரா மண்டபத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"அதுதானே பாத்தன்," என்றார். "எப்பவும் நல்ல துப்புரவாக் கிடக்குது."