பாதி டாக்டரின் பாதி நெஞ்சு

எங்கள் பக்கத்தில் மருந்துக்கடை வைத்திருப்பவன் பாதி டாக்டர். இதை நான் சொல்லவில்லை, ஊர் சொல்கிறது. ஊர் சொன்னதில் தப்பில்லை. அதை நானும் நம்பித் தொலைத்ததுதான் தப்பு.

ஆலங்குடி கடைத்தெருவில் என் கடை. காய்ச்சல், இருமல் என்று யார் வந்தாலும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "எத்தனை நாளா இருக்கு?" என்று கேட்பேன். ஏதோ பெரிய ஆராய்ச்சி செய்கிற மாதிரி இருக்கும். (என் மனைவி செல்வி அந்த முகத்துக்கு 'மலச்சிக்கல் முகம்' என்று பேர் வைத்திருக்கிறாள்.) என்ன சொன்னாலும் கடைசியில் நான் கொடுப்பது ஒரு காய்ச்சல் மாத்திரை.

செல்வியின் அப்பா, என் மாமனார் சின்னையா, கடலை விவசாயி. கடலை போடக் கொஞ்சம் கொல்லை, கொஞ்சம் தென்னை, ஒரு ஜல்லிக்கட்டுக் காளை. காளையின் பேர் செவலை. அந்த வீட்டின் மரியாதை வரிசையில் முதலில் செவலை, அப்புறம் மாமா, அப்புறம் வெகுதூரம் தள்ளி மாப்பிள்ளையான நான். மாட்டுப் பொங்கலன்று மாமா செவலையின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் வாயில் தண்ணீர் வைப்பார்.

அப்படிப்பட்டவர் சில வருஷங்களுக்கு முன்னால், செவலையை நடத்திக்கொண்டு போகும்போது பாதி வழியில் நின்று நின்று மூச்சு வாங்க ஆரம்பித்தார். நான் கண்ணைச் சுருக்கினேன். "வாயுத் தொல்லை மாமா" என்று தீர்ப்புச் சொல்லி மாத்திரையும் கொடுத்தேன். அவரும் மாப்பிள்ளை கொடுத்ததாயிற்றே என்று ஒழுங்காகச் சாப்பிட்டார். அடுத்த வாரம் காளைக்கு நீச்சல் பழக்கிவிட்டுக் குளத்திலிருந்து கரையேறியவர், கையில் கயிற்றோடு மயங்கி விழுந்துவிட்டார். செவலை அங்கிட்டு இங்கிட்டு அசையாமல் அவர் பக்கத்திலேயே நின்றதாம். வாயு மாத்திரை கொடுத்த நான் மட்டும் ஓடி ஒளிய இடம் தேடிக்கொண்டிருந்தேன்.

புதுக்கோட்டையைத் தாண்டி ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் போகிற வாசலில் இருக்கும் வால்வு சுண்ணாம்பு பிடித்துச் சுருங்கிவிட்டது, மாற்றியே ஆக வேண்டும், தள்ளிப் போட்டால் அடுத்த மயக்கம் எழுந்திருக்காத மயக்கமாகிவிடலாம் என்றார் அறுவை சிகிச்சை செய்யும் டாக்டரம்மா. அலட்டல் இல்லாத மனுஷி. மாமாவை ஸ்கேனுக்கு அழைத்துப் போயிருந்தார்கள். அத்தைக்கு அழுகையில் எதுவும் காதில் ஏறவில்லை. ஆகவே விவரம் எல்லாம் பாதி டாக்டரிடம்தான் சொல்லப்பட்டது.

"ரெண்டு வகை வால்வு இருக்குங்க. ஒண்ணு உலோக வால்வு. ஆயுசுக்கும் உழைக்கும். ஆனா ரத்தம் உறையாம இருக்க வாழ்நாள் முழுக்க மாத்திரை சாப்பிடணும், அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்க்கணும். சின்னக் காயம்னாலும் ரத்தம் சீக்கிரம் நிக்காது. இன்னொண்ணு, மாட்டோட இதயத்தைச் சுத்தியிருக்கிற சவ்வுல செய்யறது. ஆயுசு முழுக்க அந்த மாத்திரை வேண்டியதில்ல. ஆனா பத்துப் பதினஞ்சு வருஷத்துல தேய்ஞ்சு போகலாம். அப்போ தொடை ரத்தக்குழாய் வழியா, பழைய வால்வுக்குள்ளயே புதுசை வைக்க முடியுமான்னு பார்க்கலாம்."

"அதையே இப்பவே தொடை வழியா வச்சிரலாமே டாக்டர்?" என்றேன், எல்லாம் தெரிந்தவன் மாதிரி.

"இவரோட வால்வு பிறவியிலேயே கொஞ்சம் கோணல். திறந்து வைக்கிறதுதான் இவருக்குச் சரி. முழு நெஞ்செலும்பையும் பிளக்காம மேல் பாதியை மட்டும் திறந்து செய்யப் பார்க்கிறேன். வால்வை அவரே தேர்ந்தெடுக்கட்டும். நான் பேசட்டுமா?"

"வேணாம் டாக்டர், மாமாகிட்ட நான் சொல்லிக்கிறேன். எங்க பாஷையில சொன்னாத்தான் புரியும்." விதி என் நாக்கில் உட்கார்ந்திருந்தது.

மாமாவிடம் கிணற்று மோட்டாரை வைத்து விளக்கினேன். தண்ணீர் மேலே ஏறினால் திரும்பி இறங்காமல் பிடிக்கிற வால்வு, அதில் உப்புப் பிடித்துவிட்டது, கழற்றிவிட்டுப் புதுசு போட வேண்டும். மாமா தலையை ஆட்டினார். எல்லாம் நன்றாகத்தான் போனது.

"புதுசு எதுல செஞ்சது மாப்ள?"

எனக்குச் செவலை ஞாபகத்துக்கு வந்தது. மாட்டின் சவ்வு என்று சொன்னால் மனுஷன் இப்போதே எழுந்து போய்விடுவார் என்று பயந்தேன். "அது ஒரு விசேஷமான துணி மாமா. வெளிநாட்டுத் துணி" என்றேன். துணியா என்று ஒருதரம் கேட்டுக்கொண்டு, "நீங்க பாத்துச் சொன்னாச் சரி" என்றார். டாக்டரம்மாவிடம் போய், "மாமா சவ்வு வால்வுக்குச் சம்மதிச்சிட்டார்" என்றேன். எனக்கே என்னைத் தட்டிக்கொடுக்க வேண்டும் போல இருந்தது.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மத்தியானம் டாக்டரம்மா வார்டுக்கு வந்தார். நோயாளியிடம் நேரில் பேசாமல் கத்தியைத் தொட மாட்டேன் என்பது அவர் கொள்கை. (யாரிடமும் நேரில் உண்மை பேசுவதில்லை என்பது என் கொள்கை.) கையில், காட்டுவதற்காகக் கொண்டுவந்த ஒரு வால்வு. மூன்று மெல்லிய இதழ்கள் திறந்து மூடின. மாமா அதைத் தொட்டுப் பார்த்தார்.

"நல்ல துணி" என்றார்.

"துணி இல்லீங்க ஐயா, மாட்டுச் சவ்வு. உங்க மருமகன் சொல்லலையா?"

மாமா டாக்டரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். ஜல்லிக்கட்டில் முன்னால் நிற்பவனைக் காளை எப்படிப் பார்க்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"நீங்களே எல்லாத்தையும் சொல்லுங்கம்மா. ஒண்ணு விடாம சொல்லுங்க" என்றார்.

டாக்டரம்மா சொன்னார். உலோகத்தில் இன்னொரு வால்வு இருப்பது, நெஞ்செலும்பைச் சின்ன ரம்பத்தால் அறுப்பது, ரத்தத்தை வெளியே ஒரு இயந்திரத்துக்குத் திருப்பிவிடுவது, இதயத்தை நிறுத்துவது, பழைய வால்வைக் கத்தரித்து எடுப்பது. மாமா ரேடியோவில் மழைச் செய்தி கேட்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார். 'ரம்பம்' வரைக்கும் நானும் கேட்டேன். அதற்கப்புறம் வார்டு சுற்றியது. மருந்துக்கடைக்காரன் அவ்வளவு பெரிய உடம்பைத் தூக்கிக்கொண்டு தொப்பென்று தரையில் விழுந்தான். நோயாளிதான் என்னைத் தூக்கித் தன் கட்டிலில் படுக்க வைத்து விசிறியிருக்கிறார். அவரைத் தூக்கவிட்டதற்கு நர்ஸம்மா பின்னால் எல்லோரையும் திட்டித் தீர்த்தார்.

கண் விழித்தபோது நெஞ்சில் சில்லென்று இருந்தது. சட்டை திறந்து கிடந்தது. ஒருத்தர் என் நெஞ்சில் சோப்பு நுரை பூசி மும்முரமாகச் சவரம் செய்துகொண்டிருந்தார். மறுநாள் ஆபரேஷன் ஆள் என்றால் நெஞ்சு முடியை எடுத்துவிட வேண்டுமாம். கட்டிலில் படுத்திருப்பது யார் என்று அவருக்கு என்ன தெரியும்! வலது பக்கம் முடிந்து இடது பக்கம் திரும்பும்போதுதான் என் கையைப் பார்த்தார்.

"பேர் எழுதுன பட்டையைக் காணோமே. நீங்க சின்னையா இல்லீங்களா?"

"நான் மாப்பிள்ளைங்க!"

"அப்ப மாமனார் எங்கிட்டு?"

அந்தக் கேள்விக்குத்தான் எல்லோரும் விழித்தோம். கட்டிலடியில் மாமாவின் செருப்பைக் காணோம். எனக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டு அப்போதுதான் வந்த அத்தை, "ஐயோ, பஸ் ஏறப் போயிட்டாகளா?" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். நான் நுரையைத் துடைக்கக்கூட நேரமில்லாமல் ஓடினேன்.

ஆஸ்பத்திரி வாசலில் பஸ் நிறுத்தம். மாமா மூச்சு வாங்கிக்கொண்டு அங்கே உட்கார்ந்திருந்தார். உதடு கொஞ்சம் கறுத்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு என் மானம் மரியாதை எல்லாம் மறந்துவிட்டது.

"வாங்க மாமா, உள்ள போவோம்."

"நான் வீட்டுக்குப் போறேன். ஒரு மாட்டை அறுத்து அதோட சவ்வை உள்ள வச்சுக்கிட்டு, பொங்கலுக்குச் செவலை கால்ல எப்படி விழுவேன்? அதுகூடப் போகட்டும். துணின்னு சொன்னீங்களே மாப்ள, ஏன்?"

"பயந்துட்டேன் மாமா. வாயுன்னு சொன்னேன், அதுவும் தப்பு. துணின்னு சொன்னேன், அதுவும் பொய். எனக்கு ஒண்ணும் தெரியாது மாமா." சொல்லும்போது எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது.

மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இரும்பையே வைக்கச் சொல்லுங்க" என்றார்.

"வைக்கலாம். ஆனா சாகிற வரைக்கும் அந்த மாத்திரை. கயிறு இழுத்துக் கை கிழிஞ்சாலே ரத்தம் லேசுல நிக்காது. கொம்பு பட்டா அவ்வளவுதான். செவலையை யார்கிட்டயாவது கொடுத்துரணும் மாமா."

பொய்யில்லாமல் நான் சொன்ன முதல் வைத்திய விவரம் அது. மாமா ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். புதுக்கோட்டை பஸ் வந்து நின்றது. கண்டக்டர், "ஏறுங்க பெரியவரே, ஏறுங்க" என்றார். மாமா எழுந்திருக்கவில்லை.

"இரும்பை வச்சா மாட்டை விடணும். மாட்டை வச்சா மாட்டோட இருக்கலாம். அப்படித்தான?"

"அப்படித்தான் மாமா."

"அது நாட்டு மாடா, சீமை மாடா?"

பழைய ஆளாக இருந்தால், "அசல் நாட்டு மாடு மாமா, புலிக்குளம்" என்று அள்ளிவிட்டிருப்பேன். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

"தெரியலை மாமா" என்றேன்.

"ம். இப்பத்தான் உருப்படியா ஒண்ணு சொல்லியிருக்கீங்க." அப்போதுதான் அவர் பார்வை என் திறந்த சட்டைக்குள் போனது. ஒரு பக்கம் வழவழ, ஒரு பக்கம் காடு, நடுவில் காய்ந்த நுரை. "இது என்ன மாப்ள கோலம்? பாதி களை எடுத்த கடலைக் கொல்லையாட்டம்?" என்று கேட்டவர் சிரித்தார். மூச்சு வாங்க வாங்கச் சிரித்தார். கண்டக்டரும் எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டு விசில் அடித்தார். பஸ் போனது. என் தோளைப் பிடித்துக்கொண்டு மாமா உள்ளே நடந்து வந்தார்.

மறுநாள் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இதயம் நின்று திரும்பத் துடித்த நேரத்தில் நான் வெளியே படிக்கட்டில் குத்த வைத்து உட்கார்ந்திருந்தேன். யாரும் எதையும் விளக்கச் சொல்லி என்னைக் கேட்கவில்லை. ஆப்பிளும் ஹார்லிக்ஸும் தூக்கிக்கொண்டு சொந்தக்காரர்கள் பார்க்க வந்தபோது, "உள்ள என்ன வச்சிருக்காக?" என்று கேட்டவர்களிடம் எல்லாம் மாமா, "நம்ம ஆளுதான்" என்று மட்டும் சொன்னார்.

இப்போதும் வருஷா வருஷம் பரிசோதனைக்குப் போனால் டாக்டரம்மாவிடம் அவர் கேட்கும் முதல் கேள்வி, "மாடு நல்லா இருக்கா?" இரண்டாவதுதான் தன்னைப் பற்றி. என் கடைக்கு வந்தால் ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வார். யாராவது நெஞ்சு வலி என்று வந்து, நான், "எனக்குத் தெரியாதுங்க, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று சொன்னால், "நம்பிப் போங்க, அவரு தெரியாதுன்னு சொன்னாச் சரியா இருக்கும்" என்று சான்றிதழ் வேறு கொடுக்கிறார்.

மாட்டுப் பொங்கலுக்கு எங்கள் வீட்டில் ஒரு புது வழக்கம் சேர்ந்திருக்கிறது. அத்தை செவலையின் நெற்றியில் மஞ்சள் குங்குமம் வைப்பாள். அடுத்து மாமா சட்டையைக் கழற்றிக்கொண்டு வந்து நிற்பார். அவர் நெஞ்சுத் தழும்பின் மேல் ஒரு பொட்டு. உள்ளே இருக்கிற மாட்டுக்கும் பொங்கல்தானே! அப்புறம் குடும்பம் மொத்தமும் என் பக்கம் திரும்பும். நான் தோட்டத்துப் பக்கம் நழுவுவதற்குள் செல்வி சட்டையைப் பிடித்துவிடுவாள். அத்தை குங்குமத்தோடு தயங்கி நிற்பாள். மாமா செவலையின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு சத்தமாகச் சொல்வார்:

"வலது பக்கமா வை. அங்கதான் களை எடுத்திருக்கு."