மூஞ்சிக்காரரும் முறைக்கிற தாத்தாவும்

கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கும் கோபம் வரும் என்று இந்த உலகத்துக்கு முதன்முதலில் காட்டியவர் எங்கள் மூஞ்சிக்காரர்தான். வேறு யாராவது உரிமை கொண்டாடினால் நம்பாதீர்கள்.

பொம்மசந்திராவில் நான் வேலை பார்த்த கம்பெனியில், கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடும் கண்ணாடி உருண்டைகளை அலங்கரித்து வெளிநாட்டுக்கு அனுப்புவோம். வெறும் கண்ணாடி உருண்டைக்குள் வெள்ளிக் கரைசலை ஊற்றி, வெந்நீரில் பிடித்துக் குலுக்கினால் உள்பக்கம் ரசம் பூசியதுபோல் பளபளவென்று ஆகிவிடும். பிறகு சாயத்தில் முக்குவார்கள், ஆணிப் பலகையில் கவிழ்த்துக் காயவைப்பார்கள், பசையால் கோடு இழுத்து ஜிகினாத்தூள் தூவுவார்கள். அத்தனையும் கைவேலை. இதையெல்லாம் செய்ய நாற்பது பேர் இருந்தார்கள். முகம் வரைய மட்டும் ஒரே ஒருவர். அதனால் அவர் மூஞ்சிக்காரர். அடையாள அட்டையில் வேறு ஏதோ பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார்.

கோலார் தங்கவயலில் பிறந்து பொம்மனஹள்ளியில் குடியேறியவர். முட்டைக் கண்கள். இரண்டு புருவங்களும் நடுவில் சந்தித்துக் குசலம் விசாரிக்கும். மூக்கைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை, அதற்குத் தனிக் கட்டுரை வேண்டும்.

அவருடைய வலது கையை அவர் கல்யாணப் பெண்ணைப் போலப் பாதுகாத்தார். கம்பெனி பஸ்ஸில், நான் போட்டு வைத்திருக்கும் இடத்துக்கு வந்து சேரும்வரை, இடது கையால்தான் கம்பியைப் பிடிப்பார். டீ குடித்தால் கை ஆடும் என்று காலையிலிருந்து மாலைவரை வெறும் தண்ணீர். சோற்றின் சூடு பட்டால் விரல் மந்தமாகிவிடும் என்று இடது கையில் ஸ்பூன் வைத்துச் சாப்பிடுவார். ஆயுத பூஜையன்று முதலாளி கைகுலுக்க வந்தபோது இடது கையை நீட்டினார். முதலாளி முகம் போன போக்கைப் பார்த்து நான்தான் குறுக்கே புகுந்து சுண்டலை நீட்டினேன்.

அதைவிடப் பெரிய தொல்லை ஒன்று இருந்தது. அவர் மேஜைக்குப் பக்கத்திலேயே ஜிகினா மேஜை. அங்கே நின்றுகொண்டு யாரும் ‘ப’ என்று ஆரம்பிக்கிற வார்த்தை பேசக் கூடாது.

“‘ப’ன்னா வாயிலேர்ந்து காத்து வரும். காத்து வந்தா ஜிகினா கெளம்பி வந்து என் ஈர மூஞ்சில ஒட்டிக்கும்” என்பார்.

அதனால், சட்டம் போட்ட அவரைத் தவிர மற்ற எல்லார் வாயிலும், அந்த வட்டாரத்தில் பெயிண்ட் ‘எயிண்ட்’ ஆயிற்று, பேப்பர் ‘ஏப்பர்’ ஆயிற்று. என் பெயர் பாஸ்கர். மூன்று வருஷம் நான் ‘ஆஸ்கர்’ ஆக வாழ்ந்தேன். புதிதாகச் சேர்ந்தவர்கள், நான் எதற்காகவோ பரிசு வாங்கியவன் என்று நினைத்து மரியாதையாக எழுந்து நின்றார்கள். நானும் மறுக்கவில்லை.

எனக்கு அங்கே வேலை, வெளிநாட்டிலிருந்து வரும் மெயில்களைப் படித்து, என்ன கேட்கிறார்கள் என்று மேஜை மேஜையாகப் போய்ச் சொல்வது. அந்த வருஷம் ஒரு வெளிநாட்டு அம்மாள் புதிதாக ஒன்று கேட்டார். அதுவரை நாங்கள் தாத்தா முகத்தைப் பளபளப்பில்லாத பால்வெள்ளை உருண்டையில்தான் வரைவோம். இந்த அம்மாளுக்கு முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி மின்னுகிற வெள்ளி உருண்டையில் நேராகவே வரைய வேண்டுமாம். மூஞ்சிக்காரர் பதினாலு வரைந்தார். அதில் பன்னிரண்டை அனுப்பினோம். பத்தே நாளில் பதில் வந்தது.

“இந்தத் தாத்தா பரிசு கொடுக்க வந்தவரா, பிடுங்கிக்கொண்டு போக வந்தவரா?”

பெட்டியைத் திறந்த அவருடைய பேத்தி அழுதுவிட்டாளாம். எங்களிடம் மீதமிருந்த ஒன்றை எடுத்துப் பார்த்தேன். வெள்ளைத் தாடி, சிவப்புக் குல்லாய் எல்லாம் சரியாக இருந்தன. ஆனால் தாத்தா முறைத்தார். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியவனைப் பார்க்கிற மாதிரி முறைத்தார். போன வருஷம்வரை வாயெல்லாம் பல்லாக இருந்த மனிதருக்கு இந்த வருஷம் என்ன ஆயிற்று?

எங்கள் சூப்பர்வைசர் ஸ்டெல்லா மேடம் சிவாஜிநகர்க்காரர். எதையும் சுற்றிவளைக்காமல் கேட்பவர்.

“ஏண்ணா, வூட்ல எதுனா சண்டையா?”

“எங்கூட்ல சண்டைன்னா நான்தான் மேடம் சிரிப்பேன்” என்றார் அவர்.

மறுபடி பன்னிரண்டு போயிற்று. மறுபடி அதே முறைப்பு. இந்தத் தடவை ஸ்டெல்லா மேடம் குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். சனிக்கிழமைக்குள் சிரிக்கிற தாத்தா பன்னிரண்டு பேர் கிளம்பியாக வேண்டும். இல்லாவிட்டால் முகத்துக்கு ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லி மேலிடத்து உத்தரவு. மூஞ்சிக்காரர் திங்கட்கிழமையிலிருந்து ஜிகினா தூவ வேண்டும்.

அவர் அணில் மயிர் பிரஷ்ஷைக் கழுவி, பேனாக் கூட்டுக்குள் போட்டு, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அன்று மாலை பஸ்ஸில் வலது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் வியாழக்கிழமை. என்னதான் செய்கிறார் பார்ப்போம் என்று அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றேன். அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. சிலைக்குக் கண் திறப்பதைக் கடைசியில்தான் செய்வார்கள். இவர் முதலில் கண்ணைத்தான் வைப்பார். கேட்டால், “அது என்னைப் பாத்தாத்தானே நான் அதுக்கு மூக்கு வெக்க முடியும்?” என்பார். வெறும் வெள்ளி உருண்டையை எடுத்தார். மூச்சை அடக்கினார். புருவத்தைச் சுருக்கி, விழியை உருட்டி, இரண்டு புள்ளி வைத்தார்.

நான் குனிந்து பார்த்தேன். உருண்டைக்குள் அவருடைய முகம் நட்டநடுவில் தெரிந்தது. அந்த இரண்டு புள்ளிகளும் மிகச் சரியாக அவருடைய இரண்டு கண்களின் மேலேயே உட்கார்ந்திருந்தன.

“அண்ணா, நீங்க உங்களையேதான் வரைஞ்சிக்கிட்டு இருக்கீங்க!”

அவர் உருண்டையை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார்.

“அட, ஆமா. இந்தாள எங்கியோ பாத்த மாரி இருக்குதேன்னு நானும் மூணு வாரமா ரோசனை பண்ணிக்கினே இருந்தேன்.”

காரணம் தெரிந்துவிட்டது, இனிக் கவலையில்லை என்று நினைத்தேன். அங்கேதான் தப்புக் கணக்குப் போட்டேன். முதலில் முகத்துக்கு நிறம் பூசிவிட்டுக் கண்ணைக் கடைசியில் வைக்கச் சொன்னார் ஸ்டெல்லா மேடம். கண்ணில்லாத ஆளுக்குத் தாடி வைக்கக் கூச்சமாக இருக்கிறது என்று இவர் நெளிந்தார். வந்து சேர்ந்த தாத்தா, மிளகு விழுந்த ஆப்பம்போல இருந்தார். சரி, சிரித்துக்கொண்டே வரையுங்கள் என்றோம். மூச்சை அடக்கிக்கொண்டு சிரிப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை நீங்களே செய்து பாருங்கள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வெள்ளி ரசம் பூசும் மேஜைப் பெண் ஒருத்தி டாக்டரைக் கூப்பிடவா என்று ஓடி வந்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் என்னைக் கூப்பிட்டார்.

“ஆஸ்கர், இங்க வந்து குந்து. என் தோளோட ஒட்டிக்கினு குந்து.”

“எதுக்குண்ணா?”

“இந்த ரவுண்டுல நான் மட்டுமா தெரியறேன்? ஓரமா நீயும்தான் தெரியற. உருண்டைக்கு ஏதுப்பா முன்பக்கம், பின்பக்கம்? நீ தெரியற எடத்துல கண்ணு வெச்சிட்டு அப்பறம் திருப்பிக்கறேன்.”

“நானா? ஷேவ்கூடச் செய்யலியே!”

“தாடி நான் வெக்கறேன். நீ சும்மா இரு.”

நான் பின்வாங்கினேன். ஏனென்றால் எங்கள் வீட்டில் என்னை உம்மணாமூஞ்சி என்றுதான் சொல்வார்கள். குடும்பப் போட்டோக்களில் நான் மட்டும் துக்கம் விசாரிக்க வந்தவன்போல நிற்பேன். முறைக்கிற தாத்தா போய் மூக்கைச் சிந்துகிற தாத்தா வரப்போகிறார், இந்த மனிதர் பிழைப்பைக் கெடுத்த பாவம் நம் தலையில்தான் என்று பயந்தேன். அதைச் சொல்லவும் செய்தேன்.

“உன் மூஞ்சிய நீயா வரையற? நான்தானே வரையறேன்” என்றார்.

அன்று மாலைவரையிலும், சனிக்கிழமை காலையிலும், அவர் தோளில் தோள் உரச உட்கார்ந்திருந்தேன். என்னைக் கடந்து போனவர்கள் எல்லாரும் ஏதாவது கேலி பேசிவிட்டுத்தான் போனார்கள். எனக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. உருண்டைகள் கிளம்பின. அடுத்த பத்து நாளும் அவர் வேலையே இல்லாமல், பிரஷ்ஷைக் கழுவிக் கழுவி வைத்தார். மேலிடம் ஸ்டிக்கர் சாம்பிளை வரவழைத்து மேஜைமேலேயே வைத்திருந்தது.

மெயில் வந்தது. மேஜைக்கு ஓடிப்போய்ச் சத்தமாகப் படித்தேன். “இவர்தான். இவரைத்தான் நாங்கள் தேடினோம். பேத்தி ஒன்றைக் கையிலேயே வைத்துக்கொண்டு தூங்குகிறாள். மொத்த ஆர்டருக்கும் இதே முகம் வேண்டும்.”

மேஜையில் எல்லாரும் கைதட்டினார்கள். ஜிகினா பறந்தது, அவர் அன்று ஒன்றும் சொல்லவில்லை. ஸ்டெல்லா மேடம் ஸ்டிக்கர்க் கட்டைத் தூக்கி அலமாரியில் போட்டுவிட்டு, மீதமிருந்த உருண்டை ஒன்றை என் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். என் பரந்த நெற்றி, என் தொங்கிய கன்னம், என் சின்னக் கண்கள். ஆனால் அந்தக் கண்கள், வெகுநாள் கழித்து வாசலில் யாரையோ பார்த்துவிட்டவர்போலச் சிரித்தன.

“அச்சு அசல் பாஸ்கர்தான். ஆனா இவரு இப்படிச் சிரிச்சு நான் ஒரு நாளும் பாத்தது இல்லியே” என்றார் ஸ்டெல்லா மேடம்.

மூஞ்சிக்காரர் அடுத்த உருண்டையை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, தூசி பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் தெனம் பாக்கறேன் மேடம். காலைல பஸ்ல எனக்கு எடம் போட்டு வெச்சிக்கினு கூப்டுவான் பாருங்க, அப்போ.”

 நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அவர் தோளோடு ஒட்டி உட்கார்ந்தேன்.