நாலாம் நம்பர் மெம்பர்

தேர்தல் வேலைக்கான முதல் கூட்டத்துக்கு, பதுளை டவுனில் ஒரு புடவைக்கடை மாடியில் ஒன்பது பேர் வந்திருந்தோம். வராதவர் ஒருவர்தான், வேட்பாளர். பசறையில் ஒரு சாவு, வெலிமடையில் ஒரு சடங்கு, இரண்டுக்கும் நடுவில் எங்களிடம் வருவதாகச் சொல்லியிருந்தார்.

ஊவா மாகாணத்திலேயே அவரைப் போல உட்காரத் தெரியாத மனிதர் பிறந்ததில்லை. மாகாண சபையிலும் அடிக்கடி எழுந்து நிற்பாராம். பேசத்தான் எழுந்தார் என்று நினைத்து இரண்டு முறை நேரம் ஒதுக்கிவிட்டார்களாம்.

ஊருக்கு அவர் 'நாலாம் நம்பர்'. எங்கள் தேர்தலில் கட்சிக்குப் புள்ளடி, அதாவது பெருக்கல் குறி, போட்டபிறகு, அந்தக் கட்சிக்குள் பிடித்தவரின் இலக்கத்துக்கும் ஒரு புள்ளடி போட வேண்டும். முதல் தடவை நாலில் வென்றவர், அதற்குப் பிறகு விரலை மடக்கவே இல்லை. கல்யாணத்தில் நாலு விரல், கருமாதியிலும் நாலு விரல். முஸ்லிம் நானாவின் தேநீர்க்கடையைத் தாண்டும்போது கையைத் தூக்கினால் நாலு பிளேன்டீ வந்துவிடும். திருப்பி அனுப்பக் கூச்சப்பட்டு நாலையும் நின்றபடியே குடித்துவிட்டு ஓடுவார்.

தேயிலைத் தோட்டத்து மேட்டுலயத்து வரிசை வீடுகளுக்குக் குழாய்த்தண்ணீர் கொண்டுவந்தது அவர்தான். அங்கே பிள்ளைகள், "ஒண்ணு, ரெண்டு, மூணு, மெம்பரு, அஞ்சு" என்றுதான் எண்ணும்.

இந்தத் தேர்தலுக்குப் புதுப் பட்டியல் வந்திருந்தது. அவருக்குப் பதினேழு. நாலு, அதே கட்சியில் புதிதாக நின்ற ஒரு லொறி முதலாளிக்கு. இந்தத் தடவை தோற்றால் கட்சி மறுபடி இடம் தராது. பதினேழை விரலில் காட்டுவது எப்படி என்று நாங்கள் யோசித்து முடிப்பதற்குள், கூட்டத்துக்கு வந்த அவர் கிளம்பியும்விட்டார்.

மேட்டுலயத்தில் அவர் பதினேழு என்றதும், கொழுந்தெடுக்கும் செல்லம்மாக்கா அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"அஞ்சு வருசமா நாலுன்னீங்க. இப்ப யாரோ மெரட்டி உங்க வாயாலயே மாத்திச் சொல்ல வைக்கிறானுங்க. பயப்படாதீங்க மெம்பர், நாங்க மாற மாட்டோம்."

"அண்ணே, ஒரு பத்து நிமிசம் இருந்து வெளங்கப்படுத்துவோம்" என்றேன். "மாற மாட்டோம்னுட்டாங்கல்ல, வாப்பா" என்று பாதி காதில் வாங்கியபடி அடுத்த லயத்துக்கு நடந்துவிட்டார்.

முடிவு வந்தது. லொறி முதலாளி உள்ளே, இவர் வெளியே. அன்று காலை அவர் முற்றத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தபோது ரோட்டில் தப்பு மேளச் சத்தம் கேட்டது. மேட்டுலயமே மாலையோடு வந்துகொண்டிருந்தது.

"நாலு ஜெயிச்சிருச்சுங்க மெம்பர்" என்றார் செல்லம்மாக்கா.

நான் வாயைத் திறந்தேன். மெம்பர் என் கையை அழுத்தினார். குனிந்து மாலையை வாங்கிக்கொண்டு, எல்லோருமா போட்டீர்கள் என்று மெதுவாகக் கேட்டார்.

"ஒருத்தர் விடாம, நூத்தியாறு பேரும்."

"சந்தோசம்க்கா" என்றார். பிறகு உள்ளே திரும்பி, அத்தனை பேருக்கும் தேத்தண்ணி போடச் சொன்னார். அவர் தோற்றது எண்பத்து மூன்று வாக்கால்.