சாயங்காலக் காட்டேரி

கண்ணாடிக் கடைக்காரர் கல்லா மேஜைக்குப் பின்னால் குந்தியிருந்தார். ஐம்பது வயதில், சொந்தக் கடையில், திருடனைப் போல ஒளிந்துகொண்டிருந்தார்.

“போயிட்டாரா?” என்று கிசுகிசுத்தார்.

பின்னறையில் லென்ஸ் தீட்டிக்கொண்டிருந்த, கடையில் வேலை பார்க்கும் அக்கா எட்டிப் பார்த்தாள். “யாருங்க?”

“அவருதான். போஸ்ட்மாஸ்டர்.”

“இன்னும் வரவே இல்லீங்களே.”

அப்படியென்றால் இனிமேல்தான் வரப்போகிறார். கடைக்காரர் இன்னும் கொஞ்சம் பதுங்கினார்.

ஓய்வுபெற்ற அந்தப் போஸ்ட்மாஸ்டர் முதலில் வந்தது மூக்குக் கண்ணாடியின் திருகை முடுக்கத்தான். திருகு அன்றைக்கே இறுகிவிட்டது. மனிதர்தான் கடையை விட்டுக் கழலவில்லை. அதிலிருந்து தினமும் தெருவிளக்கு எரிகிற நேரம் பார்த்து வருவார். வாடிக்கையாளர் நாற்காலியில் உட்காருவார். ஒரு பெருமூச்சு விடுவார். மூட்டுவலியில் ஆரம்பித்து, தம்பி ஏமாற்றிய கதைக்குப் போய், பக்கத்து வீட்டுக்காரன் எழுப்பிய மதில்சுவரில் ஏறி, கடை சாத்தும்வரை இறங்கவே மாட்டார். வரும்போது வதங்கிய கீரை மாதிரி இருப்பவர், போகும்போது கன்னமெல்லாம் செக்கச்செவேலென்று எழுந்து போவார்.

கடைக்காரரோ சக்கையாகிவிடுவார். வீட்டுக்குப் போனால் வாயைத் திறக்கத் திராணி இருக்காது. சாப்பிட்ட கை காய்வதற்குள் படுத்துவிடுவார். முந்தாநாள் ஒரு டீச்சரம்மாவுக்கு வலக்கண் லென்ஸை இடப்பக்கம் மாட்டிக் கொடுத்துவிட்டார். அந்தம்மா கடைப்படி என்று நினைத்து வெறுங்காற்றில் கால் வைத்தார். இப்படியே போனால் கடையும் மிஞ்சாது, ஆளும் மிஞ்சாது என்று கடைக்காரருக்கு நிஜமாகவே பயம் பிடித்துவிட்டது.

“உக்கார இடம் இருந்தாத்தானே?” என்று நாற்காலியைத் தூக்கிப் பின்னறையில் போட்டார்.

அன்று போஸ்ட்மாஸ்டர் வந்தார். நாற்காலி இருந்த இடத்தைப் பார்த்தார். “பரவாயில்ல, உக்காந்தா மூட்டு பிடிச்சுக்குது” என்று மேஜைமேல் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டார். நாற்காலியில் இருந்தவரைக்கும் ஒரு கஜ தூரமாவது இருந்தது. இப்போது அவர் விட்ட பெருமூச்சு நேராகக் கடைக்காரரின் கழுத்தில் வந்து பட்டது.

“கழுத்துல மூச்சு விடறாரு அக்கா!” என்று மறுநாள் காலையில் புலம்பினார். “எனக்கு என்னமோ அவரு மனுஷன்தானான்னே சந்தேகமா இருக்கு.”

அக்கா தொடர்கதைப் பைத்தியம். “பொழுது சாய்ஞ்சாத்தான் வர்றாரு, உங்க தெம்பை உறிஞ்சிட்டு சிவந்து போறாரு. காட்டேரிதான், சந்தேகமே வேணாம்” என்று சிரித்தாள். “ஒண்ணும் பயப்படாதீங்க. நாமளா கூப்பிடாம காட்டேரி வாசப்படி தாண்டாது. கண்ணாடியில உருவமும் தெரியாது. கதையில வருதே!”

அவள் விளையாட்டுக்குச் சொன்னாள். கடைக்காரர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

அன்று போஸ்ட்மாஸ்டர் வாசலில் தலையைக் காட்டியதும், நாக்கு நுனிவரை வந்த “வாங்க”வைக் கடைக்காரர் மென்று விழுங்கினார். போஸ்ட்மாஸ்டர் ஒரு காலைத் தூக்கியவர், அப்படியே கீழே வைத்தார்.

“வேலையா இருக்கீங்க போல. நான் இங்கேயே நிக்கறேன்” என்றார்.

உள்ளே வரவில்லை! இதுவரை வெறும் சந்தேகமாக இருந்தது, இப்போது ருசுவாகிவிட்டது. போதாததற்கு, தூரத்தில் நிற்பதால் குரலை உயர்த்தித் தம்பி கதையைத் தெருவுக்கே கேட்கும்படி சொல்ல ஆரம்பித்தார் போஸ்ட்மாஸ்டர். கண்ணாடி வாங்க வந்த இரண்டு பேர் வாசலில் நின்று பார்த்துவிட்டு எதிர்க்கடைக்குப் போனார்கள்.

ஒருவழியாக அவர் கிளம்பினார். “சரி, வரட்டுமா?”

கடைக்காரர் பூரித்துப்போனார். பெற்றோர் வளர்த்த வளர்ப்பு வாயில் வந்து நின்றது. “போயிட்டு வாங்க!”

சொன்ன பிறகுதான் உறைத்தது. அதுவரைக்கும் அழைக்காமல் காத்த விரதம், வழியனுப்புகிற சாக்கில் பாழாய்ப் போயிற்று.

“அடடா, நீங்க இவ்வளவு ஆசையா கூப்பிடும்போது...” என்று போஸ்ட்மாஸ்டர் திரும்பி உள்ளே வந்து, மதில்சுவர் கதையை ஆரம்பித்தார்.

அன்றிரவு சாப்பாட்டின் முன்னால் கடைக்காரர் மனைவியிடம் முனகினார். “அந்த ஆளு என்னைக் கொன்னுடுவாரு. எனக்கு ஏதாவது ஆனா...”

“சும்மா இருங்க. பெரியவரு, வந்துட்டுப் போகட்டுமே” என்றாள் அவள். இந்த ஒரு மாதத்தில் அவள் முகத்தில் நல்ல தெளிவு வந்திருந்தது. “ரொம்பப் பேசாதீங்க, இருக்கிற தெம்பும் போயிடும். பாலைக் குடிச்சிட்டுப் படுங்க.”

எவ்வளவு அக்கறை! இவளைத் தனியாகத் தவிக்கவிட்டுப் போய்விடுவோமே என்று கடைக்காரருக்குக் கண் கலங்கியது. இனி பொறுப்பதில்லை என்று முடிவெடுத்தார்.

மறுநாள் போஸ்ட்மாஸ்டர் வந்து மேஜையில் முழங்கை ஊன்றியதும், கடைக்காரர் உருவச் சோதனைக்குத் தயாரானார். கடைச் சுவரெல்லாம் ஆளுயரக் கண்ணாடி. திரும்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் அந்தக் கண்களை நேருக்கு நேர் பார்க்கப் பயம். அதற்கும் ஒரு வழி செய்தார். தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவருடையது சோடா பாட்டில் அடிப்பாகம் மாதிரி கண்ணாடி. அது இல்லாவிட்டால் அவருக்குக் கதவும் சுவரும் ஒன்றுதான். ஊருக்கெல்லாம் பார்வை கொடுப்பவருக்குப் பயத்தில் அது மறந்துவிட்டது.

மெல்லத் திரும்பிச் சுவரைப் பார்த்தார். ஒரே பனிமூட்டம். போஸ்ட்மாஸ்டர் தெரியவில்லை. இன்னும் உற்றுப் பார்த்தார். தானும் தெரியவில்லை.

“ஐயோ! என்னையும் காட்டேரியாக்கிட்டாரே!”

அவர் போட்ட அலறலில் பிரேம் தட்டு உருண்டது. போஸ்ட்மாஸ்டர் “அம்மாடி!” என்று குடையைப் போட்டுவிட்டு, மூட்டுவலியையும் மறந்து தெருவில் ஓடினார்.

அடுத்த நாள் தெருவிளக்கு எரிந்தது. பெருமூச்சு வரவில்லை. ஒரு இளம்பெண்தான் வந்தாள்.

“நான் போஸ்ட்மாஸ்டரோட மருமக. குடையை எடுத்துட்டுப் போக வந்தேன். மாமாவுக்குக் காய்ச்சல். இனிமே இந்தக் கடைப் பக்கமே தலைவச்சுப் படுக்கமாட்டேங்கறாரு.”

கடைக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கை காலெல்லாம் தெம்பு ஊறியது. குடையைத் துடைத்துக் கொடுத்தார். அவளுக்கு நாற்காலியும் எடுத்துப் போட்டார்.

“பாவம், உடம்பைப் பாத்துக்கச் சொல்லும்மா. உன்கிட்ட சொல்றதுக்கென்ன, இன்னைக்குத்தான் நான் தெம்போட வீட்டுக்குப் போறேன். பொண்டாட்டிகிட்ட மனசு விட்டுப் பேசி ஒரு மாசமாச்சு. என் முதுகுவலியில ஆரம்பிச்சு, எங்க பெரியப்பா செஞ்ச துரோகம் வரைக்கும் எல்லாம் அப்படியே பாக்கி நிக்குது. விடிய விடியப் பேசணும்!”

அந்தப் பெண் குடையைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினாள். பிறகு தணிந்த குரலில் சொன்னாள்:

“தப்பா நினைக்காதீங்க சார்... நீங்க பேசத் தெம்பில்லாமதான் வீட்டுக்கு வரணும்னு மாமாவை தினமும் அனுப்பி வைக்கச் சொல்லி எங்கிட்ட கேட்டதே உங்க வீட்டம்மாதான். இனிமே அவரு வரமாட்டாருன்னு காலையில நான் போன்ல சொன்னதும், ‘அப்ப நான் எங்க அக்கா வீட்டுக்குக் கிளம்பறேன்’னு போனை வச்சுட்டாங்க.”