வேற்றுக்கிரகத்துப் படியும் கீழப்பழுவூர் நிலமும்

அன்பு மகள் கவியாவுக்கு அப்பா வீரமணி கீழப்பழுவூரிலிருந்து எழுதிக்கொள்வது.

போன வெள்ளிக்கிழமை சிங்காரவேலு, தன் நிலத்துக்கு நம்மிடம் வாங்கிய அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தனுப்பிவிட்டார். காரணம் உன் புத்தகம். மற்றபடி நான், அம்மா, உன் தம்பி அறிவழகன், புது மருமகள் எல்லோரும் நலம், உன் நலமறிய ஆவல் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன். போனில் சொல்லியிருக்கலாம். நீ குறுக்கே பேசுவாய், நான் கத்துவேன், அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டு சாப்பிட்டாயா என்று கேட்பாள், விஷயம் வந்து சேராது. அதனால்தான் காகிதம்.

தப்பு என்மேல்தான். தம்பி கல்யாணத்துக்கு முன்னால் உன் பதிப்பாளர் பேசினார். 'வெயில் படி' நாவலில் முந்நூற்று நாற்பது பிரதி குடோனில் கிடக்கிறது, இடமில்லை, கூழாக்கப்போகிறோம் என்றார். முப்பது வருஷமாக மக்காச்சோள வியாபாரம் பண்ணுகிறவன் நான், தேங்கின சரக்கைக் கண்டால் கை சும்மா இருக்குமா? மொத்தத்தையும் எடுத்து, தாம்பூலப் பையில் தேங்காய்க்குப் பதிலாக ஆளுக்கொரு புத்தகம் போட்டேன். அழுகாது, தேங்காயைவிட மலிவு, மகளுக்கும் பேர். அம்மா அன்றைக்கே சொன்னாள்: "கல்யாணத்துக்கு வந்தவங்களுக்குத் தேங்கா குடுக்காம காயிதத்தக் குடுத்தனுப்புற மொத ஆளு நீங்கதான்." நீயும் அரியலூர் மண்டபத்தில் பையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "அப்பா, இது இங்க வேணாம்ப்பா" என்றாய். கூச்சப்படுகிறாய் என்று நினைத்தேன். பின்னட்டையில் என்ன போட்டிருந்தது? 'இனமும் அதிகாரமும் மோதும் வேற்றுக்கிரகக் கதை.' இனம் என்றால் அமெரிக்காவில் கறுப்பர், வெள்ளையர். கிரகம் என்றால் அதைவிடத் தூரம். இதனால் கீழப்பழுவூரில் யாருக்கு என்ன வந்துவிடப்போகிறது?

பத்து வருஷமாக உன் எழுத்தை நான் பார்த்தது இப்படித்தான். முதல் புத்தகத்தில் வீட்டு வேலை செய்யும் எந்திரங்கள் தங்களுக்குப் பேர் வேண்டும் என்று வேலைநிறுத்தம் செய்கின்றன என்றார்கள், நூறு பிரதி போகவில்லை. இரண்டாவதில் நிலாவில் குடியேறப் போனவர்களை ரத்தத்தின் நிறம் பார்த்துத் தனித்தனி வரிசையில் நிறுத்துகிறார்கள் என்றார்கள், அதற்குப் பரிசு கொடுத்தார்கள், வெளிநாட்டுப் பேராசிரியர் கூப்பிட்டுப் பேசவைத்தார், நான் கடை முன்னால் பேனர் கட்டினேன். எல்லாம் படிக்காமல் பட்ட பெருமை. மூன்றாவதையும் படிக்காமலே ஊருக்குப் பங்கு வைத்துவிட்டேன்.

நம்மூரில் நாவலை யார் பிரிக்கப்போகிறார்கள், அலமாரியில் கிடக்கும் என்று இருந்தேன். எடைமேடை உத்திராபதியை மறந்துவிட்டேன். ஒரு லாரி போய் இன்னொரு லாரி வருகிறவரை அவனுக்கு வேலையில்லை. நாலே நாளில் படித்து முடித்துவிட்டு, வருகிற டிரைவருக்கெல்லாம் கதை சொல்ல ஆரம்பித்துவிட்டான். ஒரு கிரகமாம், ரெண்டு சூரியனாம், கறுத்த தோல்காரர்களுக்கு வெயில்தான் சோறாம், வெளுத்த தோல்காரர்களுக்கு வெயில் ஆகாதாம், அதனால் வெளுத்தவர்கள் ஊர் முழுக்கக் கூரை போட்டு, கூரைக்கு நாங்கள்தான் சொந்தம் என்று சொல்லி, காலையில் வாசலில் வந்து நிற்கிற கறுத்தவர்களுக்கு வெயிலைப் படியில் அளந்து ஊற்றுகிறார்களாம், அந்தப் படிக்குள்ளே பாதியில் பலகை வைத்து ஒரு பொய்யடியாம், பார்த்தால் முழுப்படி, விழுவது அரைப்படியாம். நம் குடோனில் சாக்கு தைக்கிற கலியம்மாள் இதைக் கேட்டுவிட்டு நேராக என்னிடம் வந்தது. "ஏண்ணே, அந்தப் படியில பலகை வெச்சிருந்தத நம்ம கவியா எழுதிப்புடுச்சாமே. எங்கம்மா சாவுறவரைக்கும் அதத்தான சொல்லிக்கிட்டுக் கெடந்துச்சு, கிறுக்கின்னுல்ல சொன்னீங்க எல்லாரும்?"

சிங்காரவேலுவின் அப்பா கூலி நெல் அளந்த படிக்குள் பலகை ஒட்டியிருந்தது என்பது ஊரில் ஐம்பதைத் தாண்டியவர்களுக்கெல்லாம் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. நானும் உன்னிடம் ஒரே ஒரு தடவை, நீ ஏழாவது படிக்கும்போது, பெரம்பலூர் பஸ்ஸில் சொன்னேன். பஸ்ஸில் சொன்னதையா கிரகத்தில் கொண்டுபோய் வைப்பார்கள்?

அந்தப் படி இப்போது சிங்காரவேலு வீட்டு ஹாலில் ஷோகேஸுக்குள் பூண் பளபளக்க நிற்கிறது. புத்தகம் பரவின நாளிலிருந்து அவர் வீட்டுக்குக் கூட்டமான கூட்டம். மோட்டார் கெட்டுப்போச்சா என்று கேட்டு ஒருவன், மாடு விற்கிறதா என்று ஒருவன். கேள்வி அவரிடம், கண் ஷோகேஸில். கல்யாணப் பத்திரிகை வைக்கப் போன ஒருவர், சிங்காரவேலு தண்ணீர் கொண்டுவர உள்ளே போன நேரம் பார்த்து, கண்ணாடியைத் தள்ளிப் படிக்குள் கையைவிட்டு ஆழம் பார்த்திருக்கிறார், மோதிரம் மாட்டிக்கொண்டு கை வெளியே வரவில்லை, எண்ணெய் ஊற்றி எடுத்திருக்கிறார்கள். சிமெண்டு லாரிக்காரர்கள் "வெயில்படியார் வூட்டுக்கு எதிர்ச்சந்து" என்றே வழி சொல்கிறார்கள்.

அட்வான்ஸ் திரும்பி வந்த மறுநாள் போய் நின்றேன். புத்தகம் அவர் மடியில் இருந்தது, அங்கங்கே பஸ் டிக்கெட்டு சொருகியிருந்தது.

"ஏம்ப்பா வீரமணி, வேற கெரகத்துக்குப் போயுங்கூடவா எங்க வூட்ட வுடமாட்டீங்க?"

"ஐயா, அது அமெரிக்கா சமாச்சாரம்ங்க. கறுப்பு வெள்ளை."

"அமெரிக்காவுல எந்த ஊர்லப்பா படியில கூலி அளந்தான்?"

இப்படி என்னை 'ஏம்ப்பா' என்கிற அவர் என்னைவிட ஆறு வயது சின்னவர் என்பது உனக்குத் தெரியும்தானே? கடைசியில் ஒரு வழி சொன்னார். வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ வரவேண்டும், அவர் வீட்டு ஹாலில் பத்துப் பெரிய மனுஷர்கள் முன்னால், இது முழுக்கக் கற்பனை, எந்தக் குடும்பத்தையும் குறிக்காது என்று சொல்லவேண்டும். சொன்னால் பழைய பேச்சுப்படி நிலம் நமக்கு. சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வந்த பிறகுதான் முதல்முறையாக உன் புத்தகத்தைக் கையில் எடுத்தேன். ஒரு வாரம் ஆகுமென்று பார்த்தேன், மூன்று நாளில் முடிந்துவிட்டது. நாணயமாகச் சொல்கிறேன், அளக்கிற ஆள் அளவு குறைய விரலையும் படிக்குள்ளே விட்டுக்கொண்டு அளப்பான், அதை விட்டுவிட்டாய். எட்டாம் அத்தியாயத்தில் ஒரு கறுத்த தரகன் வருகிறான். நாலு காசு சேர்த்தவன், வெயிலுக்குச் சொந்தமாக ஒரு ஜன்னல் வாங்கினவன். கூரைக்காரர் வீட்டுக்குப் போகும்போது வாசல்வரை போகாமல் தெருவிலேயே செருப்பைக் கழற்றுகிறான், யாரும் சொல்லாமலே. நான் எங்கே கழற்றுகிறேன் என்று நீ எப்போது பார்த்தாய்? அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு மத்தியானம் சாப்பிடவில்லை. அம்மா வெயில் என்று நினைத்து மோர் கொடுத்தாள்.

ஆனாலும் கவியா, கதை வேறு, நிலம் வேறு. ரோட்டைப் பார்த்த அறுபது சென்ட். உன் தாத்தா கூலிக்கு நின்ற களம் அதில்தான் இருந்தது. அதில் குடோன் கட்டி என் சாவியால் பூட்டவேண்டும் என்று முப்பது வருஷமாக நினைத்து வைத்திருக்கிறேன், உன் தாத்தா பேரைக்கூட போர்டில் எந்த எழுத்தில் எழுதுவது என்று முடிவு பண்ணியாகிவிட்டது. ரெண்டு நிமிஷம் பொய் சொன்னால் என்ன? நீ எழுதுவதே இல்லாத ஊர்க்கதைதானே. ஞாயிறு காலை பஸ்ஸில் வந்துவிடு. இனிமேல் பேய்க்கதை எழுது, கிரகம் வேண்டாம். கிரகத்தில்தான் எல்லோரும் தங்களை அடையாளம் கண்டுகொள்கிறார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு. நீ எடுத்த காரியமெல்லாம் கைகூட செட்டிகுளம் முருகனை வேண்டிக்கொள்கிறேன், இந்த ஒரு காரியத்தில் எனக்கும் கைகூட நீயே மனசு வைக்கவேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
வீரமணி

பின்குறிப்பு: மேலே எழுதியதை விட்டுவிடு, வராதே. தபாலில் போடுமுன் ஞாயிறு எத்தனை மணிக்கு என்று கேட்க சிங்காரவேலு வீட்டுக்குப் போனேன். ஹாலில் நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்துப் பேருக்குப் பத்து. "பொண்ணுக்குங்க?" என்றேன். "ரெண்டு நிமிஷந்தானப்பா, நின்னுக்கிட்டே சொல்லிட்டுப் போவட்டுமே" என்றார், கோபமாகக்கூட இல்லை, சாதாரணமாக. "அப்ப வேணாங்க" என்றேன். எதை என்று கேட்டார். நிலத்தை என்றேன். திரும்பி வரும் வழியிலேயே ரெட்டிபாளையம் ரோட்டில் பழைய குடோன் ஒன்றைப் பேசி முடித்துவிட்டேன். தகரக் கூரை ரெண்டு இடத்தில் ஓட்டை. மாதம் பன்னிரண்டாயிரம், மூன்று மாத முன்பணம், பதினோரு மாத ஒப்பந்தம், ஓட்டையை நாம்தான் அடைத்துக்கொள்ளவேண்டும், சிமெண்டுத் தூசிக்கு உரிமையாளர் பொறுப்பல்ல.