மூன்றாம் நடைமேடையில் ஒருவரும் ஏறவில்லை

மூன்றாம் நடைமேடையில் நின்ற பஸ்ஸில் ஒருவரும் ஏறவில்லை. அறிவிப்பு அறையின் கண்ணாடி வழியே அதைப் பார்த்த எட்டுக்கைக்கு எரிச்சலாக வந்தது.

'எட்டுக்கை' என்பது பஸ் நிலைய அறிவிப்பாளரின் பட்டப்பெயர். ஒரே நேரத்தில் எட்டு வேலை பார்ப்பவள் என்று அர்த்தம். பெயரை வைத்தவளும் அவளேதான்.

இப்போது பார்த்தது இரண்டே வேலை. மைக்கில் அறிவிப்பு, மேஜைமேல் ஸ்பீக்கரில் போட்ட போனில் தங்கைக்கு ஆறுதல். மைக் பொத்தானை ஒரு தடவை அமுக்கினால் பேசும், மறு தடவை அமுக்கினால் வாயை மூடும். பார்க்காமலே விரல் அமுக்கும் என்பதில் அவளுக்குத் தனிப் பெருமை.

"பெட்டியக் கட்டிட்டேன்க்கா," தங்கை விசும்பினாள். "என் தையல் மெஷினை, என்னை ஒரு வார்த்தை கேக்காம அவர் தங்கச்சிக்குத் தூக்கிக் குடுத்துட்டார். இனிமே இந்த வீட்டுல இருக்கமாட்டேன்."

"அவசரப்படாதடி. இரு."

பொத்தானை அமுக்கினாள். "பயணிகளின் கவனத்திற்கு! மூன்றாம் நடைமேடைப் பேருந்து புறப்படத் தயார்!" மறுபடி அமுக்கினாள். "ம், சொல்லு. உன் வீட்டுக்காரர் என்னதான் சொல்றார்?"

இரண்டையும் துளி பிசகாமல் செய்கிறோம் என்று நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே மரியாதை வந்தது.

வெளிவாசல் அலுவலகத்திலிருந்து மேலாளர் இன்டர்காமில் கத்தினார். "பஸ்ஸெல்லாம் காலியா வெளிய வருதும்மா! அறிவிக்கிறியா, தூங்கறியா? இப்படியே போனா நாளைக்கு அந்த நாற்காலில வேற ஆள்தான்!"

"தொண்டை கிழியக் கத்திட்டுதான் சார் இருக்கேன்."

வெளிச்சத்தம் உள்ளே கேட்காத அறை. தன் குரல் எட்டவில்லை போலும் என்று ஒலியை முழுக்கக் கூட்டிவைத்து, திரும்பவும் அறிவித்தாள்.

பலன் தலைகீழ். முந்தின ஊரிலிருந்தே பஸ்ஸில் உட்கார்ந்து வந்த நாலு பேரும் இறங்கிவிட்டார்கள். தெருவில் போனவர்கள்கூட உள்ளே வந்து ஒலிபெருக்கியின் அடியில் நின்றார்கள்.

"வாயப் பொளந்து கேக்கறாங்க, காலை மட்டும் நகத்தமாட்டேங்கறாங்க!"

"யாருக்கா?"

"அதை விடு. பெட்டிய இறக்கி வை. அவர்கிட்ட போனைக் குடு, நான் பேசறேன்."

மறுமுனையில் தங்கை கணவர் தொண்டையைச் செருமினார். "நான் ஏன் அதைக் குடுத்தேன்னா..."

அடுத்த பஸ் வந்து நின்றது. "ஒரு நிமிஷம்," என்று பொத்தானை அமுக்கி, "பயணிகளின் கவனத்திற்கு" என்று ஆரம்பித்தாள்.

வெளியே கூட்டம் கையை ஆட்டிக் கத்தியது. கதவைத் தள்ளிக்கொண்டு மூச்சிரைக்க வந்தார் பஸ் ஓட்டுநர்.

"மைக்கை ஏன் மேடம் அணைச்சீங்க? மறுபடி போடுங்க! அந்த மெஷினை அவர் ஏன் குடுத்தாருன்னு தெரியாம ஒருத்தரும் பஸ் ஏறமாட்டேங்கறாங்க!"